பிள்ளையை அழ விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2004 டிசம்பர் 26 சுனாமியில், மட்டக்களப்பு நாவலடியில் என் தங்கையைக் கடல் கொண்டுபோனது. அவளுடைய மகனுக்கு அப்போது ஆறு வயது. திராய்மடுவுக்குக் குடிவந்த பிறகும் பாயை நனைத்தான், பேச்சே இல்லை. "மறந்துவிடு மகன்" என்றே எல்லோரும் சொன்னோம். அதுதான் பிழை. ஒருநாள் அவனுடைய அம்மம்மா அவனை மடியில் வைத்து, தாயின் பெயரைச் சொல்லி அழுதார். அன்றுதான் அவனும் வாய்விட்டு அழுதான். அப்புறம் நேரத்துக்குச் சோறு, பள்ளிக்கூடம், பின்னேரம் பந்து. மெல்ல மெல்லத் தேறினான்.

இப்போதும் வெள்ளம் வந்தால் முகாமில் அரிசி, பருப்பு கொடுக்கிறோம். சரி, பிள்ளைகள் விளையாட ஒரு மூலை, அவர்கள் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் வேண்டாமா? தாய்மாருக்கும்தான். வாரக்கணக்கில் தூங்காத பிள்ளையை வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தேசிய மனநல உதவி எண் 1926ஐ ஒவ்வொரு முகாம் சுவரிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
திராய்மடு, மட்டக்களப்பு