‘பிளஸ்’ என்று எழுதி வந்த ஜீன்ஸ்: ஒரு வாடிக்கையாளரின் புகார்

பெறுநர்: குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர், குழந்தைகள் ஆடை

பொருள்: பெண்குழந்தைகளின் ஜீன்ஸில் தவறான அளவும், குழந்தையின் உடலுக்குப் பெயர் வைக்கும் லேபிளும்

வணக்கம்.

போன மாதம் என் 6 வயது மகளுக்கு உங்களிடம் ஒரு ஜீன்ஸ் வாங்கினேன். ‘6–7 வயது’ என்று மட்டும்தான் தேர்ந்தெடுத்தேன். பார்சலில் வந்தது ‘6–7 ஸ்லிம்’. அந்த மாடலில் பெண்குழந்தைகளுக்கு ‘ரெகுலர்’ என்று ஒன்றே கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. இடுப்பில் பட்டன் எட்டவில்லை என்று மாற்றிக் கேட்டேன். ‘6–7 பிளஸ்’ அனுப்பினீர்கள். இரண்டும் இப்போது என் மேசைமேல் கிடக்கின்றன. பணத்தைத் திருப்பித் தருவதாக உங்கள் சேவை மையம் சொல்லிவிட்டது, அதற்கு நன்றி. பணம் வந்தாலும் சொல்லவேண்டியது மிச்சம் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

என் மகள் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருக்கிறாள். பற்பசை, மருந்துப் பெட்டி, பேருந்தின் பக்கவாட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிற பருவம். முதல் ஜீன்ஸைப் போட்டுப் பார்த்த அன்று கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, “வயித்தை உள்ள இழுத்துட்டேன், இப்பப் போடுங்கம்மா” என்றாள். மூச்சை அடக்கியதில் முகம் சிவந்துவிட்டது. வயிறு என்பது உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்று அதுவரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு துணி சொல்லிக்கொடுத்தது.

இரண்டாவது ஜீன்ஸ் ஏறியது. ஆனால் அதன் பின்பக்கம், இடுப்புப் பட்டைக்கு வெளியே, தோல் மாதிரி ஒரு பட்டி தைத்திருக்கிறீர்கள். அதில் கொட்டை எழுத்தில் ‘பிளஸ்’. உள்ளே கழுத்தோரமோ தையலோரமோ மறைந்திருக்கும் லேபிள் இல்லை, வரிசையில் பின்னால் நிற்கும் குழந்தை படித்துவிடக்கூடிய லேபிள். அவள் விரல் வைத்துப் படித்தாள். பள்ளியில் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள்.

“பிளஸ்னா கூட்டல்தானேம்மா? இதுல எதைக் கூட்டியிருக்காங்க?”

“துணியைக் கூட்டியிருக்காங்க” என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். “அப்ப ஸ்லிம்ல எதைக் கழிச்சாங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், படித்துக் காட்டுகிறேன்.

பள்ளிச் சுற்றுலாவுக்கென்று வாங்கிய ஜீன்ஸ் அது. அன்று காலையில் அதைப் போட்டுக்கொண்டு, சட்டையைப் பின்னால் இழுத்து இழுத்துப் பட்டியை மூடப் பார்த்தாள். முடியவில்லை. கடைசியில் முழங்காலில் ஒட்டுப்போட்ட பழைய பேண்ட்டிலேயே போனாள். பட்டியைக் கத்தரித்துவிடச் சொன்னாள். செய்திருப்பேன், லேபிள் சேதமானால் பொருளைத் திரும்பப் பெறமாட்டோம் என்று உங்கள் விதி சொல்கிறது.

சேவை மையத்தில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் குறை இல்லை. ஆனால் அப்புறம் வந்த மின்னஞ்சலில், “உங்கள் குழந்தையின் உடலமைப்பு எங்கள் ஸ்லிம் அளவுக்குப் பொருந்தாததற்கு வருந்துகிறோம்” என்று ஒரு வரி இருந்தது. எல்லோருக்கும் அனுப்புகிற தயார் வாசகமாக இருக்கலாம். இருந்தாலும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். துணிதான் குழந்தைக்குப் பொருந்தவேண்டும். நீங்கள் குழந்தையைத் துணிக்குப் பொருத்திப் பார்த்து, தேறவில்லை என்று வருத்தம் தெரிவித்திருக்கிறீர்கள்.

சரி, குழந்தையின் உடலமைப்பையே எடுத்துக்கொள்வோம். அவள் உயரம் 117 செ.மீ., இடுப்பு 55 செ.மீ. உங்கள் அட்டவணையில் ‘6–7 ஸ்லிம்’ இடுப்பு 54 என்று இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர்தானே, சமாளித்திருக்கலாமே என்று டேப்பை எடுத்து ஜீன்ஸை அளந்தேன். இடுப்புப் பட்டையைத் தட்டையாக விரித்தால் 25.5. இரட்டித்தால் 51. அட்டவணையில் போட்டதைவிட உங்கள் துணி 3 செ.மீ. குறைவு. நம்பவில்லையென்றால் டேப்போடு எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். அளவு தப்பியது தையலில், பெயர் வாங்கியது குழந்தை.

டேப் கையில் இருக்கும்போதே அவள் அண்ணனின் அலமாரியையும் திறந்தேன். அவனுக்கும் உங்கள் டி-ஷர்ட்தான், அதே ‘6–7 வயது’. அவனுடையது அக்குளிலிருந்து அக்குளுக்கு 35.5 செ.மீ. அகலம், 48 உயரம். அவளுடையது 31 அகலம், 43 உயரம். ஒரே லேபிள், ஒரே பருத்தி. இந்த வயதில் ஆண் பெண் உடம்பில் தோள், மார்பு, இடுப்பு எதிலும் சொல்லும்படி வித்தியாசம் கிடையாது, பருவம் வந்த பிறகுதான் அதெல்லாம். பின்னே அந்த நாலரை சென்டிமீட்டர் எங்கே போனது? இன்னொன்றும் கண்ணில் பட்டது. பையன்களின் ஜீன்ஸில் அகலமானதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் ‘லூஸ் ஃபிட்’. அது துணியைச் சொல்கிற சொல். பெண்களுக்கு அதே இடத்தில் ‘பிளஸ்’. அது போட்டிருப்பவளைச் சொல்கிற சொல்.

என் அத்தை வீட்டிலேயே துணி தைப்பவர். துணி கொண்டுவந்து கொடுப்பவர்களிடம் குழந்தைக்கு எத்தனை வயது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. “நில்லுடா ராஜா” என்று நிற்கவைத்து, மார்பு, இடுப்பு, உயரம் அளந்து, நோட்டில் மூன்று எண் எழுதுவார். வளர்கிற பிள்ளை என்று உள்ளே ஒரு விரல் துணி விட்டுத் தைப்பார், அடுத்த வருடம் பிரித்து விடலாம். எனக்குத் தெரிந்து அந்த நோட்டில் யாருக்கும் பட்டப்பெயர் இருந்ததில்லை.

லட்சக்கணக்கில் தைக்கும் உங்களால் ஒவ்வொரு குழந்தையையும் அளக்க முடியாது, புரிகிறது. ஆனால் வயதை வைத்து அளவு போடுவது சரிவராது என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க வேளாண்மைத் துறை சுமார் 1,47,000 சிறுவர் சிறுமியரை அளந்து 1941-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆடை அளவுக்கு வயது நல்ல அடிப்படை இல்லை, உயரமும் பின்பக்கத்தோடு சேர்த்து அளக்கும் இடுப்புச் சுற்றளவும்தான் உதவும் என்பது அப்போதே சொன்ன முடிவு. ஐரோப்பாவில் குழந்தைத் துணிகள் 104, 110, 116, 122 என்று 6 செ.மீ. இடைவெளியில் உயரத்தை எண்ணாகப் போட்டு வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில், சரியாக 6 வயது நிரம்பிய பெண்குழந்தைகளின் நடு உயரம் சுமார் 115 செ.மீ. ஆனால் ஏறத்தாழ 105 முதல் 125 வரை எல்லாமே இயல்பான உயரம்தான். 20 சென்டிமீட்டர் வித்தியாசம்! ஐரோப்பியக் கணக்கில் மூன்று சைஸுக்கும் மேல். இதையெல்லாம் ‘6–7’ என்ற ஒரே லேபிளுக்குள் திணித்துவிட்டு, மிஞ்சுகிறவர்களுக்கு ஒரு பெயர் வைப்பது எந்த நியாயம்?

அந்த வயதையாவது பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்களா என்றால் அதுவும் இல்லை. கைக்குழந்தையாகக் கொழுகொழுவென்று இருந்தவர்கள் நடக்க ஓட ஆரம்பித்ததும் வற்றுவார்கள். ஐந்து, ஆறு வயதில்தான் பெரும்பாலான குழந்தைகள் உயரத்துக்கேற்ற எடையில் மிகக் குறைந்த நிலைக்கு வருகிறார்கள், அப்புறம் மெல்லச் சதை பிடிக்கத் தொடங்குகிறது. குழந்தை மருத்துவர்களுக்கு இது பாலபாடம். சிலருக்கு முன்னே, சிலருக்குப் பின்னே. அந்தத் திருப்பத்தில் நிற்கிற குழந்தைகளைப் பிடித்துத்தான் ‘ஸ்லிம்’, ‘பிளஸ்’ என்று இரண்டு வரிசையாக நிறுத்துகிறீர்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு இதெல்லாம் புரியாது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லலாம். ஆஸ்திரேலிய உளவியலாளர்கள் 5 முதல் 8 வயதுக் குழந்தைகளிடம் ஒல்லியிலிருந்து பருமன் வரை வரைந்த உருவப்படங்களைக் காட்டி, நீ எது, எது மாதிரி இருக்க ஆசை என்று கேட்டிருக்கிறார்கள். ஆறு வயதுக்குள்ளேயே பெண்குழந்தைகளில் பலர், தாங்கள் இருப்பதைவிட ஒல்லியான படத்தைத் தொட்டார்கள். தாயின் பேச்சு, தொலைக்காட்சி, கூட இருக்கும் தோழிகள் என்று அதற்குப் பல காரணங்களைத் தேடுகிறார்கள். உங்கள் பட்டி மட்டுமே காரணம் என்று நானும் சொல்லமாட்டேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று “வெயிட் போட்டுட்டேன்” என்று முனகியவள் நானும்தான், இனி அவள் காதில் விழும்படி அதைச் சொல்வதில்லை. என் வாயை நான் கட்டிக்கொள்வேன். உங்கள் துணியின் வாயை நீங்கள்தான் கட்டவேண்டும்.

அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. வெளிப்பட்டியை எடுத்துவிடுங்கள். ‘ஸ்லிம்’, ‘பிளஸ்’ இரண்டையுமே குழந்தை ஆடையிலிருந்து நீக்குங்கள். ஒன்றை எடுத்து ஒன்றை விட்டால் விட்டது வசவாகிவிடும். உள்லேபிளில் ‘உயரம் 116, இடுப்பு 55’ என்று சென்டிமீட்டரில் போடுங்கள். பக்கத்துவீட்டுக் குழந்தைக்கு 122, எங்கள் வீட்டுக் குழந்தைக்கு 116 என்றால் அதில் யாருக்கும் வெட்கமில்லை. இடுப்புப் பட்டைக்குள் பட்டன் துளை வைத்த எலாஸ்டிக் போட்டால், அத்தை விடுகிற அந்த ஒரு விரல் துணியின் வேலையை அது செய்துவிடும். அண்ணனின் ஜீன்ஸில் ஏற்கெனவே அது இருக்கிறது, தங்கையுடையதில் மட்டும்தான் இல்லை. போட்ட அளவும் தைத்த அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருவர் டேப் வைத்துப் பார்க்கட்டும். மின்னஞ்சலில் அந்த வரியையும் திருத்திவிடுங்கள்.

இந்த மாடலின் அளவுப் பிழை குறித்து என்ன செய்யப்போகிறீர்கள், பட்டியும் பெயர்களும் எப்போது நீங்கும் என்று 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். மன்னிப்புக் கூப்பன் வேண்டாம்.

இரண்டு ஜீன்ஸையும் திருப்பி அனுப்பும் படிவத்தில் காரணம் கேட்டிருக்கிறீர்கள். ‘மிகச் சிறியது’, ‘மிகப் பெரியது’, ‘மனம் மாறிவிட்டது’ என்று மூன்று கட்டங்கள். மூன்றையும் காலியாக விட்டிருக்கிறேன். காரணம் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதின் நகல், டேப்போடு எடுத்த 4 படங்கள், சேவை மைய மின்னஞ்சலின் நகல்