தவறிட்டாங்க

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

உன் தோழிக்கு அனுப்ப எழுதியதைப் படித்தேன். 'தங்கள் தந்தையார் இறந்த செய்தி அறிந்து' என்று தொடங்கிவிட்டு, 'இறந்த' சரியா 'மறைந்த' சரியா என்று கேட்டிருக்கிறாய். 30 வருஷம் கருமாதிப் பத்திரிகை அடித்தவனிடம் கேட்டால் சும்மா விடுவேனா?

அந்தப் பத்திரிகையில் பெயரும் தேதியும் போக, மாறுவது ஒரே ஒரு வினைச்சொல்தான். சைவ வீடென்றால் 'சிவலோக பதவி அடைந்தார்'. நாமக்காரர்களுக்கு 'வைகுண்ட பதவி'. சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு 'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்'. பள்ளிவாசல் தெருவில் 'வஃபாத்தானார்கள்'. சாமி இல்லை என்கிற வீட்டில் 'இயற்கை எய்தினார்'. எதிலும் சாயாதவர்களுக்குக் 'காலமானார்'. எனக்குப் பிடித்தது அதுதான். இருந்த ஆள் காலமாகவே ஆகிவிட்டார் என்கிறது. எங்கே போனார் என்ற வம்புக்கே போகவில்லை.

ஒருமுறை கறுப்புச் சட்டைக்காரர் ஒருவருடைய பத்திரிகை. முந்தைய வேலைக்குக் கோத்த எழுத்து அப்படியே இருந்தது. பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி 200 அடித்துவிட்டேன், 'சிவலோக பதவி'யோடு! அவர் மகன் கத்தவில்லை. "எங்கப்பா பார்த்திருந்தா சிரிச்சிருப்பாரு" என்றார். ஆனால் திரும்ப அடித்து வாங்கிக்கொண்டுதான் போனார். காகிதக் காசு என் தலையில்.

செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம் என்று நீ இலக்கணத்தில் படித்திருப்பாய். துஞ்சுவது என்றால் தூங்குவது. சர்ச் பத்திரிகையின் நித்திரையும் அதே தூக்கம்தான், பார். ஆனால் உன் ஆயா போன அன்று, அவள் தங்கை வாசலிலிருந்தே "அக்கா, செத்துட்டியே" என்று கத்திக்கொண்டு வந்தாள். அந்த இடத்தில் அதைவிடப் பொருத்தமான சொல் எதுவுமில்லை. அவள் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

சரி, உன் விஷயம். 'இறந்த' தப்பில்லை, ஆனால் சான்றிதழ் வாடை அடிக்கிறது. 'மறைந்த' மேடையில் பேசுகிறவர்களுக்கு. 'தந்தையார்' அதைவிட மோசம். நீ ஹாஸ்டலில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைதோறும் உனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்த மனுஷன் அவர். நீயும் 'அப்பா' என்றுதானே கூப்பிட்டாய்? 'அப்பா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், கிளம்பி வரேன்' என்று எழுது, போதும்.

எழுதியபடி போகவும் வேண்டும். 16-ம் நாள் வரை தள்ளிப்போடாதே. அங்கே என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு போகாதே, பக்கத்தில் உட்கார்ந்திரு. கிளம்பும்போது மட்டும் பழக்கதோஷத்தில் 'போயிட்டு வரேன்' என்று வாய் விட்டுவிடாதே. சாவு வீட்டில் சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும்.

அன்புடன்,
அப்பா