60 கேசட்டும் ஏழரை மணி நேரமும்

அம்மிணி,

வாட்ஸப்புல அடிச்சா நீ கட்டைவெரல காட்டீட்டு போயிருவ, அதனாலதான் மெயிலு. ரெண்டு நாளா உக்காந்து அடிக்கறேன், எழுத்துப் பிழை இருந்தா கண்டுக்காத. தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி உட்டாச்சு, நடவு நடக்குது. உங்கம்மாளுக்கு முட்டி வலி தேவல. அதெல்லாம் போன்ல சொன்னதுதான், இது வேற வெசயம்.

நீயும் தம்பியும் மூணு வாரமா பேசிக்கறதில்லைன்னு உங்கம்மாளுக்கு நெம்ப வெசனம். என்னங்க சண்டை, காட்டுப் பங்கா, நகையான்னு ராத்திரி பூராம் கேட்டா. ரெண்டுமில்ல, மெட்டாலிகான்னேன். அது எந்தூர்ல இருக்குதுங்கறா. ஊரில்ல, அமெரிக்காக்காரங்க ராக் பாட்டுக் கோஷ்டின்னு சொல்லி வெளங்க வெச்சேன்.

நடந்தத நானும் பாத்துட்டுத்தான இருந்தேன். நீ லீவுல ஸ்வீடன்ல கோத்தன்பர்க்ல இருந்து கார எடுத்துட்டுப் போயி யுங்பி பக்கத்துல ரோட்டோரம் நட்டு வெச்சிருக்கற கல்லுகிட்ட நின்னு போட்டோ போட்ட. 1986 செப்டம்பர்ல பஸ்சு கவுந்து மெட்டாலிகாவுல பேஸ் கிடாரு வாசிச்சுட்டிருந்த பையன் கிளிஃப் பர்ட்டன் செத்த எடம், 24 வயசு, பாக்கவே சங்கடமா இருந்துச்சு. அதோட உட்டிருக்கலாம். "இவரு போனதோட எல்லாம் போச்சு, கொஞ்ச நஞ்சம் ஒட்டீட்டு இருந்தது ஜஸ்டிஸ் ஆல்பத்துல முடிஞ்சுது, அப்பறம் வந்ததெல்லாம் சக்கை"ன்னு அடியில எழுதுன. தம்பி ஒடனே "அக்கா நீ பாட்டு கேக்கறதில்ல, தெவசம் குடுக்கறே"ன்னு போட்டான். அந்த வார்த்தை அதிகந்தான், அவங்கிட்டயும் சொல்லீட்டேன். ஆனா சக்கைங்கறதும் அதிகந்தான் சாமி.

இதுல இந்தாளு எதுக்கு வர்றாருன்னு நெனைக்காத, இந்தக் கெரகத்த ஊட்டுக்குள்ள கொண்டாந்ததே நாந்தான். 1993 பொங்க நோம்பி லீவு. அப்ப நம்ம கேசட்டு ரெக்கார்டிங் கடையில ராஜா ஆளுகளுக்கும் ரகுமான் ஆளுகளுக்கும் தெனமும் பழமைதான், பாட்டு லிஸ்ட்டு எழுதிக் குடுக்க வந்தவங்க கேசட்ட வாங்க மறந்துட்டு சண்டை போட்டுட்டு போவாங்க. அப்ப கோயமுத்தூர்ல எஞ்சினீரிங் படிச்சுட்டிருந்த பையன் ஒருத்தன் ஒரு கேசட்ட கொண்டாந்து, அண்ணா இத ஒரு 60-ல காப்பி போட்டு குடுங்கன்னான். டெக்குல போட்டதும் கரகரகரன்னு ஒரே எரைச்சலு. ஹெட்டுல அழுக்குன்னு நெனச்சு நிறுத்தீட்டு, பஞ்சுல ஸ்பிரிட்ட தொட்டு தொடச்சு, மறுக்கா போட்டேன். அதே கரகர. பெல்ட்டு தளந்துருச்சோன்னு மூடியக் கழட்டப் போறேன், அந்தப் பையன் சிரிச்சுட்டு "அண்ணா அது கிடாருங்ணா, அப்டித்தானுங்ணா இருக்கும்"ங்கறான். வெக்கமாப் போச்சு. வெக்கத்துலயே முழுசா கேட்டேன்.

அதுதான் மெட்டாலிகாவோட மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ், 1986-ல வந்த ஆல்பம். அந்தப் பேரெல்லாம் அப்ப எனக்கு தெரியாது, நான் பாத்தது வேற. எட்டு பாட்டு, ஒரு பக்கம் நாலு மறுபக்கம் நாலு, முதப் பக்கம் 27 நிமிஷத்துக்கு கொஞ்சம் கம்மி, ரெண்டாம் பக்கம் 28. பக்கத்துக்கு 30 நிமிஷம் ஓடற 60 கேசட்டுக்குன்னே அளவெடுத்து தெச்சாப்ல இருந்துச்சு. எங்களுக்கெல்லாம் பெரிய தலைவலியே அதுதான அம்மிணி, ஏழு பாட்டு எழுதிக் குடுப்பாங்க, கடைசிப் பாட்டு சரணத்துல டேப்பு முடிஞ்சு டக்குன்னு நிக்கும், மறுநாளு கடைக்கு சண்டைக்கு வருவாங்க. இது சண்டையில்லாம உக்காந்துச்சு. அதனாலயே எனக்குன்னு ஒரு காப்பி போட்டு வெச்சேன். (2000-ல மெட்டாலிகாக்காரங்க, இன்டர்நெட்டுல பாட்டக் காப்பி பண்ணி பகுந்துக்கற நாப்ஸ்டர் மேல கேஸு போட்டாங்கன்னு நீ பின்னாடி சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் ஒதறலாத்தான் இருந்துச்சு, நானும் அந்தத் தொழிலுதான பண்ணீட்டிருந்தேன்.)

அந்தக் காப்பியத்தான் 2005-ல காப்பு கட்டுக்கு ஊடு சுத்தம் பண்றப்ப அட்டாலில இருந்து நீ எடுத்த. பதினாலு வயசு உனக்கு. ஆல்பத்துக்கு பத்தொம்பது.

எதுக்கு இத சொல்றேன்னா, எல்லாரும் சொல்ற காரணம் ஒண்ணு இருக்குதல்லொ, அவனவன் சின்ன வயசுல கேட்டதுதான் அவனவனுக்கு ஒசத்தின்னு, தம்பியும் அதைத்தான் சொல்றான். உன்ற வெசயத்துல அது ஒத்து வராது. அது வந்தப்ப நீ பொறக்கவே இல்ல. பழசாகி, தூசி ஏறி, எங்கையெழுத்துல பேரு தப்பா எழுதி இருந்தத எடுத்துக் கேட்டு உனக்கு புடிச்சுது. அதனால அது நல்ல சரக்குதான், உன்ற காது சரியாத்தான் சொல்லுது. அதுல உம்பக்கந்தான் நான்.

ஆனா பழசெல்லாம் தங்கம்னு நீ பேசறப்ப ஒரு கேள்வி கேக்கறேன், 1988-ல வந்த ஜஸ்டிஸ் ஆல்பத்துல பேஸ் எங்க போச்சு? புதுசா வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசிச்சிருக்கறான், மிக்ஸிங்ல அத கேக்கவே முடியாதாட்ட அமுக்கி வெச்சுட்டாங்க. என்ற கடையில அப்படி ஒரு காப்பி குடுத்திருந்தா செருப்பு வந்திருக்கும். பேஸ்காரன் செத்ததுக்கு அழுவற நீ, அவன் எடத்துக்கு வந்தவன் வாசிச்சது காதுல விழுகலைன்னு ஒரு நாளாவது கொறை சொல்லியிருக்கறயா? பழசுங்கங்காட்டி மன்னிச்சுட்ட.

தம்பியையும் உடறதில்ல. அவன் மொதமொதல்ல கேட்டது 2008-ல வந்த டெத் மேக்னெட்டிக், பன்னெண்டு வயசுல. பாட்டு நெம்ப நல்லா போட்டிருக்கறாங்க, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த ரெக்கார்டிங் இருக்குதே. டெக்குல ஊசி ஒண்ணு ஆடுமே, செவப்புக் கோட்டுக்கு அக்கட்ட போகுதான்னு பாத்துட்டே இருப்பனல்லொ. டேப்புல ஊசி கொஞ்சம் செவப்புக்கு போனாலும் சத்தம் மெத்துன்னு ஆகுமே தவர கெட்டுப் போகாது. டிஜிட்டல்ல அப்படி இல்ல, அளவுக்கு மேல போனா தலைய சீவுனாப்ல வெட்டிப் போடும். அத மொத பாட்டுல இருந்து கடைசி வரைக்கும் செவப்புலயே ஓட்டியிருக்கறாங்க. மறுபடி மிக்ஸ் பண்ணிக் குடுங்கன்னு ரசிகருங்களே கையெழுத்து வாங்குனாங்க, வீடியோ கேம்ல வந்த பாட்டு ஆல்பத்த விட சுத்தமா இருக்குதுன்னு கண்டு புடிச்சாங்க. 2003-ல வந்த செயின்ட் ஆங்கர பத்தி நான் பேசல, பாத்திரக்கடையில எவர்சில்வர் கொடத்த தட்டிப் பாத்து வாங்கறாப்ல அந்த டிரம்மு சத்தம், கிடார் சோலோ ஒண்ணு கூட இல்ல, அத தம்பியே நாயம் பேச மாட்டேங்கறான்.

சரி, என்ற கணக்குக்கு வர்றேன். நீ சக்கைன்னு ஒதுக்கறது 1991 கருப்பு ஆல்பத்துக்கு அப்பறம் வந்த ஆறுன்னு வெச்சுக்குவோம். லோட், ரீலோட், செயின்ட் ஆங்கர், டெத் மேக்னெட்டிக், ஹார்ட்வயர்ட், 72 சீசன்ஸ். ஒவ்வொண்ணும் 75 நிமிஷம், 77 நிமிஷம், லோட் கிட்டத்தட்ட 79. நோட்டுல எழுதி கூட்டிப் பாத்தேன், ஏழரை மணி நேரத்துக்கு மேல வருது. ஏழரை! அப்பறம் எப்படி சண்டை வராம இருக்கும். இதே 1983-ல இருந்து 86 வரைக்கும் வந்த மூணு ஆல்பத்த கூட்டுனா ரெண்டரை மணி நேரத்த கொஞ்சந்தான் தாண்டுது.

அப்ப இசைத்தட்டு, பக்கத்துக்கு இருவது இருவத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா சத்தம் கொறையும். அதனால எத உடறதுன்னு உக்காந்து சண்டை போட்டே ஆகணும். சீடி வந்துச்சு, எடம் பெருசாச்சு, யாரும் எதையும் உடல. லோட்ல கடைசிப் பாட்ட ஒரு நிமிஷம் வெட்டித்தான் சீடிக்குள்ள திணிச்சிருக்கறாங்க, சரணத்துல டேப்ப நிறுத்துன நம்ம பொழப்புதான். ஒரு பாட்டத் தூக்கிப் போடலாம்னு ஒருத்தனுக்கும் தோணல பாரு, ஒரு நிமிஷத்த வெட்டலாம்னுதான் தோணியிருக்குது. எடம் சின்னதா இருந்தா மட்டும் நல்ல பாட்டு வந்துரும்னு நான் சொல்லல. ஆனா நல்ல பாட்டோட சுமாரும் ஒட்டுக்கா வந்தா நல்லதும் சுமாராத்தான் காதுல விழுகும், அரிசில கல்லு கெடந்தா சோத்தத்தான வெய்யறோம்.

72 சீசன்ஸ தம்பி கார்ல போட்டு உட்டான், ஈரோடு போய்ட்டு வர்ற நேரத்துக்கு சரியா இருந்துச்சு. பேருக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன், வருசத்துக்கு நாலு பருவம், மனுசனோட மொத பதினெட்டு வருசம்னான். நமக்கு ஆறு பருவமாச்சே, 72-ஐ ஆறால வகுத்தா பன்னெண்டுதான வருதுன்னேன், அப்பா சித்தெ பொட்டாட்ட இருங்கன்னுட்டான். பன்னெண்டு பாட்டுல அஞ்சு எனக்கு மனசுல நிக்குது. கடைசில வர்ற 11 நிமிஷப் பாட்டு, அவங்க போட்டதுலயே பெருசு, அதுல நடுவால எல்லாம் அடங்கி பேஸ் முன்னால வர்ற எடம் இருக்குது பாரு, அந்த எடத்துல உன்ற நெனப்புதான் வந்துச்சு. நீ அதுவரைக்கும் கேட்டிருக்க மாட்டே, மூணாவது பாட்டுலயே ஆப் பண்ணியிருப்பே. மிச்ச ஏழும் மோசமில்ல, ஆனா ஒரே கிணத்துத் தண்ணி.

இன்னொண்ணு. அந்தப் பாடறவனும் டிரம்முக்காரனும் 1963-ல பொறந்தவங்க, என்ற வயசு. 22 வயசுல நான் மண்டில சக்கரை மூட்டைய முதுகுல ஏத்திட்டு படி ஏறுவேன். இப்ப கேன் தண்ணி தூக்கறதுக்கு தம்பிய கூப்புடறேன். அவங்க 59 வயசுல 77 நிமிஷத்துக்கு அடிச்சிருக்கறாங்க, அத எடுத்த எடுப்புல சக்கைன்னா எனக்கு கொஞ்சம் சுருக்குன்னுதான் இருக்குது, மறைக்கல.

2011 ஞாபகம் இருக்குதா? தீபாவளி முடிஞ்ச ஞாயித்துக்கெழமை, பெங்களூர் பேலஸ் கிரவுண்டு. ரெண்டு நாளு முன்னாடிதான் குர்கான்ல கச்சேரி ரத்தாகி ரகளையாச்சு, உங்கம்மா போகவே கூடாதுன்னா, நான் கூட வர்றேன்னு சொன்னங்காட்டித்தான் உட்டா. காதுல பஞ்ச வெச்சுட்டு அத்தன கருப்பு பனியனுக்கு நடுவுல நான் ஒருத்தந்தான் வெள்ளச் சட்டை. பழைய பாட்டு வந்தப்ப நீ குதிச்ச, சரி. புதுப் பாட்டு வந்தப்பவும் குதிச்ச. நாம் பாத்தேன். பன்னெண்டு வருசம் கழிச்சு எப்படி அது சக்கையாச்சுன்னுதான் எனக்கு வெளங்கல.

இப்ப விசயத்துக்கு வர்றேன். அந்தப் பழைய டெக்குக்கு பெல்ட்டு ஈரோட்ல கெடைக்கல, கோயமுத்தூர்ல கெடச்சுது, மாத்தி ஓட்டிப் பாத்தேன், ஓடுது. கடைய மூடுனப்ப எடுத்து வெச்ச டிடிகே 60 கேசட்டு ரெண்டு பிரிக்காம கெடக்குது. அந்த ஆறு ஆல்பத்துல இருந்து மட்டும் நீ ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடு, தம்பி ஒரு பக்கத்துக்கு எழுதட்டும். ஆளுக்கு 30 நிமிஷம், ஒரு விநாடி எச்சாப் போனாலும் நான் வெட்ட மாட்டேன், பாட்டையே தூக்கிருவேன். ரெண்டு கேசட்டுலயும் அதையே ஏத்தி, நீ வர்றப்ப ஒண்ணு குடுக்கறேன், இன்னொண்ணு அவனுக்கு. கேட்டுட்டு அப்பறம் சக்கைன்னு சொல்லு, ஒத்துக்கறேன்.

தம்பிகிட்ட இன்னும் சொல்லல. நீயே போன் போட்டு சொல்லீரு, எந்தெந்தப் பாட்டுன்னும் பேசிக்குங்க. ரெண்டு பேரும் அந்த 11 நிமிஷப் பாட்டையே எழுதிக் குடுத்தீங்கன்னா எனக்கு டேப்பு வேஸ்ட்டு.

அப்பா