குடிநீர்க் கணக்கில் சேராத உப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக மக்களில் நால்வரில் ஒருவருக்கு, அதாவது ஏறத்தாழ 210 கோடி பேருக்கு, 2024ஆம் ஆண்டிலும் பாதுகாப்பான குடிநீர் எட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டைத் தங்கள் நாளிதழில் படித்தேன். படித்து முடித்ததும், எங்கள் ஊரை இதில் எந்தப் பக்கம் சேர்த்திருப்பார்கள் என்ற ஐயமே எழுந்தது.

அந்த மதிப்பீட்டின் அளவுகோல் இதுதான்: குழாயோ கிணறோ வீட்டு எல்லைக்குள் இருக்க வேண்டும், தேவைப்படும்போது தண்ணீர் கிடைக்க வேண்டும், அதில் மலக் கிருமிகளும், முதன்மை இரசாயனங்கள் எனக் கொள்ளப்படும் ஆர்சனிக், ஃபுளோரைடு ஆகியவையும் வரம்பு மீறி இருக்கக் கூடாது. உலகம் முழுமைக்கும் பொதுவாக ஓர் அளவுகோல் வைக்கும்போது இப்படித்தான் சுருக்க வேண்டியிருக்கும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய வட ஆற்காட்டின் பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீரைப் பெரிதும் கெடுத்தவை தோல் பதனிடும் தொழிலிலிருந்து இறங்கிய உப்பும் குரோமியமும் அல்லவா? அவை அந்த அளவுகோலுக்குள் வருவதில்லை.

பேரணாம்பட்டு வட்டத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் என் வீட்டு வாசலிலும் குழாய் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏற்றப்படும் தண்ணீர் நாள்தோறும் வருகிறது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, ஒரு வாரம் புழங்கினால் குடத்தின் உட்புறம் வெள்ளையாகப் பொரிந்துவிடும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் வரும் நாளில் மட்டும் ‘நல்ல தண்ணீர்’ பிடித்து வைக்கிறோம். மற்ற நாள்களில் 20 லிட்டர் கேன் ஒன்றை 35 ரூபாய்க்கு வாங்குகிறோம். ஆயிரம் லிட்டருக்குக் கணக்கிட்டால் 1,750 ரூபாய் ஆகிறது. இந்த விலையைக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிக்காரர்கள். தோல் பட்டறையில் வேலை செய்பவரும் காலணித் தொழிற்சாலைக்குப் பேருந்தேறும் பெண்களும் இவர்களில் உண்டு.

குறை புதிதன்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு பதிவாகியிருக்கிறது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்த அந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்தும் இழப்பீடு குறித்தும் மீண்டும் உத்தரவிட வேண்டியதாயிற்று. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் வளர்ந்து பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

தோல் தொழில் இல்லாவிட்டால் இவ்வட்டாரத்தில் பல வீடுகளில் அடுப்பெரியாது என்பதை நான் மறுக்கவில்லை. நான் சுட்டுவது வேறு: எங்கள் நிலத்தடி நீரைக் குடித்துப் பதமான தோல், காலணியாகிக் கடல் கடந்து போகிறது, அதை அணிபவர் தம் வீட்டுக் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கக்கூடிய நாட்டில் வாழ்கிறார், உப்பு மட்டும் இங்கேயே தங்கிவிடுகிறது. உலக நீர்ச் சமமின்மையை மழைக்குறைவாலும் வறுமையாலும் மட்டும் விளக்கும் கட்டுரைகளில் இந்த வணிகம் இடம்பெறுவதில்லை. நாட்டுக்குள்ளேயும் இதே கதைதான். கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று ஜல் ஜீவன் திட்டம் அளவு வைக்கிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கோ வழிகாட்டு நெறி 135 லிட்டர். (தாகத்துக்கும் ஊராட்சி எல்லை உண்டு போலும்.)

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் (பெரும்பாலும் உப்புகள்) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த விதிவிலக்கிலேயே இங்கு ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. வீட்டுக்கு வீடு சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கச் சொல்வது தீர்வாகாது. அது கழித்துவிடும் உப்பு நீர் மறுபடியும் எங்கள் மண்ணில்தான் இறங்குகிறது.

ஆகவே அரசிடம் கேட்பவை இவைதான். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும், தோல் தொழில் நடக்கும் ஊர்களின் ஒவ்வொரு பொது நீராதாரத்தையும் ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், சோதிக்க வேண்டும். கரைந்த உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்ற எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி, கிராம சபையிலும் படித்துக் காட்ட வேண்டும். வரம்பு மீறிய ஊருக்குக் கூட்டுக் குடிநீரை முதலில் திருப்பிவிட வேண்டும்; கேனுக்குக் கொடுத்த பணத்தையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
பேரணாம்பட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.