கேமராவை அணைத்துவிட்டுப் பேசும் மகனுக்கு

கண்ணா,

நீ வீடியோ காலில் கேமராவை அணைத்துவிட்டுப் பேச ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. கேட்டால் நெட்வொர்க் சரியில்லை என்கிறாய். உன் அக்காதான் சொன்னாள், உனக்கு உன் மூக்கும் பிடிக்கவில்லை, தோளும் பிடிக்கவில்லையாம், அவளுக்கு அனுப்பிய போட்டோவைக்கூட அடுத்த நிமிஷமே அழித்துவிட்டாயாம். போனில் பேசினால் "விடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மூக்கு. செல்ஃபி எடுக்கும்போது போன் ஒரு அடி தூரத்தில் இருக்கிறது, முகத்தில் அதற்கு மிகப் பக்கத்தில் இருப்பது மூக்கு, அதனால் அதுதான் பெரிதாக விழும். 2018ல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்: ஐந்து அடி தள்ளி எடுத்த படத்தைவிட ஒரு அடியில் எடுத்த படத்தில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. எதிரில் உட்கார்ந்து உன்னோடு பேசுகிற யாரும் அந்த மூக்கைப் பார்ப்பதில்லை.

அப்புறம் நீ விடிய விடியப் போனில் பார்க்கிற அந்த ஜிம் உடம்புகள். வீடியோ எடுப்பதற்கு முன்னால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, கேமரா ஓடுவதற்குச் சற்று முன் புஷ்-அப் அடித்துத் தசையைப் புடைக்க வைத்து, வெளிச்சத்தை மேலிருந்து விழவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மறுநாள் காலையில் அவர்களுக்கே அந்த உடம்பு இருக்காது. இதில் சிலர் ஊசி போட்டு வளர்த்துவிட்டு, எல்லாம் உழைப்புதான் என்று சொல்லிப் பவுடர் விற்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெண்பிள்ளைகளுக்கு இது என்ன செய்யும் என்று ஓரளவாவது பேசுகிறார்கள். பிஜியில் ஒரு பகுதிக்கு 1995ல்தான் டிவி வந்தது. நல்ல சதைப்பிடிப்பான உடம்பைத்தான் அழகு என்று கொண்டாடிய இடம் அது. உடம்பைக் குறைப்பதற்காக வாந்தி எடுக்கும் பழக்கம், அப்போது ஆய்வாளர்கள் விசாரித்த பள்ளி மாணவிகள் யாரிடமும் இல்லை. 1998ல் மறுபடி போய்க் கேட்டபோது 11 சதவீதம் பேரிடம் இருந்தது. பையன்களை யார் கேட்கிறார்கள்? ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் ஜி.ஐ. ஜோ என்ற அமெரிக்கச் சிப்பாய் பொம்மைகளை அளந்து பார்த்தார்கள். 1964ல் வந்த பொம்மையை ஆள் உயரத்துக்கு வளர்த்தால் புஜம் 12 அங்குலம், தொண்ணூறுகளில் வந்த ஒன்றுக்கு 26க்கும் மேல்! அதே போப்தான் 1993ல், திடகாத்திரமாக இருந்தும் தான் நோஞ்சான் என்று நம்பி, தொளதொள சட்டைக்குள் ஒளிந்துகொண்டு, வெளியே தலைகாட்டக் கூசிய ஆண்களைப் பற்றி எழுதினார். அதைப் படித்ததிலிருந்து உன் அணைந்த கேமராதான் என் கண் முன்னால் நிற்கிறது.

போனைத் தூக்கிப் போடு என்று சொல்ல மாட்டேன், உன் வேலையே அதில்தான். ஆனால் 2023ல் வெளிவந்த ஒரு கனடா ஆய்வில், 17 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் மூன்று வாரம் சமூக ஊடகத்தை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்ததும், தங்கள் தோற்றத்தைப் பற்றிய அவர்கள் எண்ணம் நன்றாகவே தேறியிருக்கிறது. மூன்று வாரம்தானே, செய்து பார். பார்த்து முடித்ததும் உன்னையே உனக்குப் பிடிக்காமல் செய்கிற கணக்குகளை இன்றைக்கே அன்ஃபாலோ செய்.

இன்னொன்றை நேராகவே கேட்கிறேன். ஜிம்மில் யாராவது தசை வளர ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுத்து, நீ எடுத்துக்கொண்டிருக்கிறாயா? அந்த ஸ்டீராய்டு, உடம்பு தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடக்கிவிடும், இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். எடுத்திருந்தால் திட்ட மாட்டேன். பயந்துபோய் நீயாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், நிறுத்தும்போது சிலருக்கு மனம் மிக மோசமாகச் சோர்ந்துவிடும், டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். எதுவுமே எடுக்கவில்லை என்றாலும் இந்த மூக்கு, தோள் கவலையை ஒரு மனநல மருத்துவரிடம் சொல்லலாம், இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. எந்த நாள் உனக்கு லீவு என்று மட்டும் சொல், நான் கிளம்பி வருகிறேன், சேர்ந்தே போகலாம்.

அம்மா