மாதவிடாய்த் தேதியையும் கேளுங்கள்: மனநல மருத்துவர்களுக்கும் மகளிர் நல மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களே,

தமிழ்நாட்டில் மனநலப் பிரிவிலும் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவிலும் பணியாற்றும் உங்கள் இரு தரப்பினருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு உள்ள ஒரு பெண் வாழ்நாள் முழுவதும் உங்கள் இருவரிடமும் மாறி மாறி வருகிறாள். ஒருவர் மனத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள், இன்னொருவர் கருப்பையைப் பற்றிக் கேட்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்கள் மிகச் சிலர்.

எனக்கு இந்தக் குறைபாடு உறுதியானபோது நாற்பது வயதைக் கடந்திருந்தேன். அதற்கு முன் பார்த்த மருத்துவர் ஒருவர், "எம்.எஸ்சி. வரை படித்திருக்கிறீர்களே, உங்களுக்கு எப்படி ஏடிஎச்டி இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார். தயவுசெய்து மதிப்பெண்ணைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அதற்குப் பின்னால் தேர்வுக்கு முந்தைய நாள் விடிய விடிய விழித்திருந்த இரவுகளும், தோழியிடம் கெஞ்சி வாங்கிய நோட்டுகளும், ஒவ்வொன்றையும் நினைவூட்டியபடி பின்னாலேயே நடந்த ஓர் அம்மாவும் இருப்பார்கள்.

வகுப்பில் எழுந்து ஓடும் பையன் ஆசிரியரின் கண்ணில் படுகிறான். ஜன்னலோரம் அமர்ந்து, பாடத்தில் ஒரு வரிகூடக் காதில் ஏறாமல் இருக்கும் சிறுமிக்கு "அமைதியான பிள்ளை" என்று பெயர். மனநலக் குறைபாடுகளை உறுதிசெய்யப் பயன்படும், 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 கையேட்டின்படி அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதை வீட்டாரிடம் விசாரித்தால், "ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை" என்றுதான் பதில் வரும். அவளிடமே கேளுங்கள். தொலைத்த டிபன் பாக்ஸ், பாதியில் நின்ற வீட்டுப்பாடம், வாங்கிய திட்டு எல்லாவற்றையும் அவள் மறந்திருக்க மாட்டாள்.

திருமணத்துக்குப் பிறகுதான் பலருக்குத் தாங்குகோல்கள் எல்லாம் ஒரே நாளில் விலகுகின்றன. நேற்றுவரை அம்மா நினைவூட்டிக்கொண்டிருந்த பெண், இன்று ஒரு குடும்பத்துக்கே நினைவாக இருக்க வேண்டும். மாமியாரின் மாத்திரை, குழந்தையின் தடுப்பூசித் தேதி, மின் கட்டணம், சிலிண்டர் பதிவு, ஊர்த் திருமணத்துக்கு எடுக்க வேண்டிய சேலை. இவற்றை மறக்கும் ஆணுக்கு "அவருக்கு ஆயிரம் வேலை" என்று சமாதானம் கிடைக்கிறது. பெண்ணுக்குக் கிடைப்பது "பொறுப்பில்லாதவள்" என்ற பட்டம். அதை ஆண்டுக்கணக்கில் கேட்டவள் சோர்வோடும் பதற்றத்தோடும் உங்கள் முன் வந்து அமர்கிறாள். அந்தச் சோர்வு உண்மையானது, அதற்கும் சிகிச்சை வேண்டும். இரத்தசோகையையும் தைராய்டையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு கோப்பை மூடிவிடாதீர்கள்.

கவனத்தை நிர்வகிக்கும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் செயல்பாட்டோடு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்குத் தொடர்பு உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. அந்த வாரத்தில் மட்டும் வழக்கமான மாத்திரை வேலை செய்யாததுபோல் இருப்பதாகப் பல பெண்கள் சொல்கிறார்கள். இது குறித்த ஆய்வுகள் இன்னும் சிறியவைதான். அதற்காக அவள் சொல்வதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குத் தேதி, தூக்கம், கவனம் மூன்றையும் குறித்துவரச் சொல்லுங்கள். செலவில்லாத இந்தக் குறிப்பு ஒரு மணி நேர விசாரணையைவிட அதிகம் சொல்லும்.

கர்ப்பத்தில் உயர்ந்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் பிரசவமான சில நாட்களிலேயே சரிகிறது. தூக்கமும் அப்போதுதான் பறிபோகிறது. கரு உறுதியானதும் பயந்துபோய்த் தானாகவே மருந்தை நிறுத்தும் பெண்களை நான் அறிவேன். மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்பது கருத்தரிக்கும் முன்பே உங்கள் இருவரோடும் அவள் பேசி முடிவெடுக்க வேண்டியது. தாய்சேய் நல அட்டையில் இரத்த அழுத்தத்துக்கு இடம் இருப்பதுபோல இந்தப் பேச்சுக்கும் பேறுகாலப் பரிசோதனையில் ஓர் இடம் வேண்டும்.

பிறகு வருவது யாரும் எச்சரிக்காத காலம். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஈஸ்ட்ரோஜன் தடுமாறத் தொடங்கும். அதுவரை பட்டியல் போட்டும் அலாரம் வைத்தும் சமாளித்தவள், பேச்சின் நடுவில் சொல் கிடைக்காமல் நிற்கிறாள். மறதிநோய் வந்துவிட்டதோ என்று நடுங்குகிறாள். மகளிர் நல மருத்துவர்களே, "இந்த வயதில் அப்படித்தான்" என்று அவளை அனுப்பிவிடாதீர்கள். சிறு வயதிலிருந்தே இப்படியா என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஆம் என்றால் மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

கடைசியாக, மருந்துச் சீட்டு. ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் நம் நாட்டில் அட்டவணை எக்ஸில், அதாவது கடும் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் உள்ள மருந்து. சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும். கடைக்காரர் ஒன்றை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அதை விற்கத் தனி உரிமமும் வேண்டும். சிறு ஊர்களில் அத்தகைய கடையைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. வேலைகளை வரிசைப்படுத்தத் திணறும் ஒருத்தியிடம் ஒற்றைச் சீட்டைக் கொடுத்து அனுப்பினால் அவள் பாதி வழியில் சிகிச்சையை விட்டுவிடுவாள். இரண்டாம் பிரதியை நீங்களே எழுதிக் கொடுங்கள். எந்தக் கடையில் கிடைக்கும், அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

மதிப்புடன்,
உங்கள் இரு பிரிவுகளுக்கும் வந்துபோகும் ஒரு பெண்