அண்ணா, ஞாயித்துக்கிழமை நான் வீடு மாறுறேன்

அண்ணா,

நேர்ல சொன்னா பாதியிலயே எழுந்து மாடிக்கு போயிடுவ, அதான் இங்க எழுதறேன். அண்ணி படிச்சு காட்டுவாங்க. சொந்தக்காரங்களும் ஏரியா பசங்களும் படிப்பாங்கன்னு தெரியும், அதனால நைனா வீட்டு பங்கு பத்தி ஒரு வார்த்தை இங்க வராது, யாரும் கமெண்ட்ல கிளறாதீங்க.

ஆவடி பக்கம் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன். கிரவுண்ட் ஃப்ளோர், படி ஏற வேணாம்.

அந்த டாக்டர் ரூம் மட்டும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. ஆஸ்துமான்னு இன்ஹேலர், டிபியா இருக்குமோன்னு சளி டெஸ்ட், எல்லாம் சுத்திட்டு கடைசியா அவர்கிட்ட போனோமே. சிடி ஸ்கேன் ஃபிலிமை லைட்ல மாட்டி கொஞ்ச நேரம் பாத்துட்டு, "வீட்ல புறா வளக்கறீங்களா?"ன்னு என்னைப் பாத்து தான் கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ "இல்ல சார்"னு சொல்லிட்ட. உன் காலர்கிட்ட ஒரு குட்டி வெள்ளை இறகு ஒட்டிட்டு இருந்துச்சு. "ஏர் கூலர் உண்டா?"ன்னார், அதுக்கும் நீ தான் "இல்ல சார்". அது நெசம் தான். ரெண்டையும் ஒரே குரல்ல சொன்ன பாரு, அதைத் தான் என்னால மறக்க முடியல.

வெளிய வந்து டீயும் பன் பட்டர் ஜாமும் வாங்கிக் குடுத்த. ஆட்டோல வீடு வர்ற வரைக்கும் என் கையை விடவே இல்ல. உதறணும்னு தோணுச்சு, நீ விட்டுட்டா என்ன பண்றதுன்னும் பயமா இருந்துச்சு.

அடுத்த விசிட்டுக்கு நான் தனியா போய் உண்மையை சொன்னேன். உன்கிட்ட சொல்லாம போனதுக்கு மன்னிச்சுடு. எதுக்கு மன்னிப்பு கேக்கறேன்னு எனக்கே புரியல, மூச்சு என்னோடது தானே.

டாக்டர் சொன்ன வியாதி பேரு ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ். புறா எச்சம் காஞ்சு தூளா பறக்குது, இறகு மேல வெள்ளையா பவுடர் இருக்கும்ல, அதுவும் தான், மூச்சுல உள்ள போனா சில பேர் உடம்பு அதோட சண்டைக்கு நிக்குது, வருஷக்கணக்கா நடந்தா நுரையீரல்ல தழும்பு விழுந்துடுது, விழுந்த தழும்பு திரும்ப பழசாகாது. "கூண்டுக்குள்ளயே கெடக்கற எனக்கு ஏன் வரல"ன்னு நீ கேட்ட. புறா வளக்கறவங்க எல்லாருக்கும் வராது, கொஞ்ச பேருக்கு தான், அந்த கொஞ்சத்துல நான் மாட்டிக்கிட்டேன். ராத்திரி தூக்கம் வராம நோண்டினப்போ ஒண்ணு கிடைச்சுது, 2017ல வந்த ஒரு இந்திய ஆய்வுல இந்த மாதிரி நுரையீரல் வியாதிக்காரங்க 1,084 பேரை பாத்தாங்களாம், பாதிக்கு கொஞ்சம் கம்மி பேருக்கு இதே தான். என்னவோ அன்னிக்கு கொஞ்சம் தூங்கினேன். (சித்தி, இது ஒட்டுவார் ஒட்டி இல்ல. என் டம்ளரை தனியா கவுத்து வைக்காதீங்க.)

ராத்திரி தான் கஷ்டம். பயந்தா மூச்சு வாங்குது, மூச்சு வாங்கினா இன்னும் பயம். ஃபிசியோ பொண்ணு உதட்டைக் குவிச்சு, விசில் அடிக்கிற மாதிரி மெதுவா ஊதி விடச் சொல்லிச்சு. பறக்கற புறாவை இறக்கறதுக்கு நீ சாயங்காலம் விசில் அடிப்பியே, அது ஞாபகம் வந்து அந்த பொண்ணு முன்னாடியே அழுதுட்டேன். ஸ்டீராய்டுல மூஞ்சி உப்பிடுச்சு, பாக்கறவன்லாம் "நல்லா சதை போட்டுட்டியே"ங்கறான். எதுக்கெடுத்தாலும் சுள்ளுனு கோவம் வருது, மாத்திரை கோவமா என் கோவமான்னு தெரியல.

நைனா தவறிப் போன வருஷம் நீ எப்படி இருந்தன்னு இங்க எழுத மாட்டேன். அதுல இருந்து உன்னை எழுப்பி உக்கார வச்சது அந்த புறாங்க தான். நாக்பூர்ல விட்ட ஹோமர் புறா வீடு தேடி வந்து எறங்கினன்னிக்கு என் பையனை தூக்கிட்டு மாடி பூரா ஓடினியே, அந்த ஆளை நான் எங்க போய் தேடறது. அதனால தான் ஒரு தடவை கூட "வித்துடு"ன்னு கேக்கல. ஆனா நான் கேக்காமலே நீ செய்வன்னு இருந்தேண்ணா. டெய்லி காலையில படிக்கட்டு சத்தத்தை கேட்டுட்டு அதுக்காகத் தான் படுத்திருந்தேன். நீ கூண்டை பின்பக்கம் தள்ளி வச்சு பினாயில் ஊத்தின. அவ்ளோ தானா நான்?

இப்ப விக்கறேன்னு கெளம்பாத. வித்தாலும் அந்த தூசி சுவர்லயும் துணியிலயும் மாசக்கணக்கா கெடக்குமாம், எப்படியும் நான் போயாகணும். மேல கூண்டு காலியா இருந்தா நீ என்ன ஆவியோன்னு அண்ணிக்கும் பயம்.

வீட்டுக்கு வா. தலைக்கு குளிச்சிட்டு, மாடிக்கு போட்டுட்டு போகாத சட்டையா பாத்து போட்டுட்டு வா. கோச்சுக்கிட்டா கோச்சுக்கோ. ஹெல்மெட்டையும் ஈரத்துணி வச்சு தொடச்சுடு, அதை கூண்டு மேல தான வைக்கற.